பத்து வயது மாடும் எட்டு மணி நேர ஸ்லோ குக்கரும்

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 'பீஃப் அண்ட் நூடுல்ஸ்' என்று ஒன்று அடிக்கடி வரும். மாட்டுக்கறி, வெங்காயம், மிளகு, உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் போட்டு 'லோ'வில் 6 முதல் 8 மணி நேரம் விட்டுடணும். கடைசி அரை மணி நேரத்தில் முட்டை நூடுல்ஸைச் சேர்க்கணும். அவ்வளவுதான். காலையில் போட்டுட்டு வேலைக்குப் போனா சாயங்காலம் தயார்.

சென்னையில் வாங்குற கறியை வைத்து இதை அப்படியே செய்தால் 6 மணி நேரத்தில் கறி வேகாது. 8 மணி நேரத்திலும் பாதிக்குப் பாதிதான். குறிப்பில் தப்பில்லை, குக்கரிலும் பழுதில்லை. மாட்டின் வயசு வேற. அந்த வயசைத் தீர்மானிப்பது தமிழ்நாட்டில் ஒரு சட்டம். சாலிகிராமத்தில் நண்பர்கள் கூடின ஒரு பாட்லக்குக்கு இதைச் செய்து கொண்டுபோக வேண்டியிருந்ததால் கொஞ்சம் படித்து, இரண்டு தடவை செய்து பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

குக்கர் வந்த கதை

ஸ்லோ குக்கரின் மூலக் காப்புரிமை சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் என்பவருடையது. விண்ணப்பித்தது 1936-ல், கிடைத்தது 1940-ல். அவருடைய அம்மா லித்துவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்னாடி இறைச்சியும் பயறும் போட்ட பானையை ஊர் பேக்கரி அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். ஓய்வு நாளில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால், ஆறிக்கொண்டிருக்கும் அந்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே ராத்திரி முழுக்க அது வேகும். 'சோலன்ட்' என்று அதற்குப் பேர். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாக்ஸன் மின்சாரப் பானை செய்தார். 1970-ல் அவருடைய நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, 1971-ல் 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டது.

நமக்கும் இது புதுசு இல்லை. ராத்திரி பூரா விறகடுப்புத் தணலில் கிடக்கும் ஆட்டுக்கால் பாயாவும், விடியற்காலையில் பரிமாறும் நிஹாரியும் இதே வேலைதான். கடினமான, மலிவான பாகத்தை நேரத்தைக் கொடுத்து மிருதுவாக்குவது.

கறி எப்படி வேகுது

இறைச்சி வேகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

முதலில் தசைநார்ப் புரதங்கள் சுருங்கும். 50 டிகிரி செல்சியஸில் தொடங்கி 70 டிகிரி தாண்டும்போது நன்றாகவே இறுகிவிடும். துணியை முறுக்கினால் தண்ணீர் வெளியே வருகிற மாதிரி, உள்ளே இருக்கிற நீர் பிழியப்பட்டு வெளியே வந்துடும். அரைமணி நேரம் கொதித்த மாட்டுக்கறி ரப்பர் மாதிரி இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, கறிக்கடையில் 'ஜவ்வு' என்று சொல்கிறோமே, அது. தசைநார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்கிற புரதம். 70 டிகிரிக்கு மேல் தண்ணீருடன் நெடுநேரம் இருந்தால் இது கரைந்து ஜெலட்டின் ஆகும். பாயா ஆறினால் கூழாக உறையுதே, அது ஜெலட்டின். கட்டு அவிழ்ந்துவிடுவதால் கறி நார் நாராகப் பிரியும். பிழியப்பட்டுப் போன நீருக்குப் பதிலாக இந்த ஜெலட்டின் வழவழப்பைக் கொடுக்கும்.

முதல் காரியம் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு மணிக்கணக்கு வேணும். அதனால் மாட்டுக்கறி முதலில் கெட்டியாகி, அப்புறம்தான் மிருதுவாகும். நடுவில் திறந்து பார்த்துட்டு 'இது வேகவே வேகாது' என்று முடிவு கட்டுபவர்கள் பெரும்பாலும் முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்காத நேரத்தில் பார்த்தவர்கள்தான்.

பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் 'லோ'வும் 'ஹை'யும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றே. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு சீக்கிரம் அங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால் அதே வேலை முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. அவசரத்துக்கு அது போதும். ஸ்லோ குக்கரில் துண்டு உடையாமல் வேகும், குழம்பு தெளிவாக இருக்கும், அடுப்புப் பக்கமே நிற்க வேண்டாம்.

வயசும் சட்டமும்

விலங்குக்கு வயசாக ஆக கொலாஜனின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் அதன் இழைகளுக்கு நடுவில் இருக்கும் பிணைப்புகள் பலப்படும். சூட்டுக்கு எளிதில் அசையாத பிணைப்புகளாக மாறிவிடும். இளங்கன்றின் ஜவ்வு சீக்கிரம் கரையும். உழைத்த கிழமாட்டின் ஜவ்வு லேசில் கரையாது.

அமெரிக்காவில் கறிக்காக வளர்க்கும் காளைகளைப் பெரும்பாலும் இரண்டு வயசு ஆவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். அந்த ஊர்க் குறிப்பில் உள்ள '6 முதல் 8 மணி நேரம்' அந்த மாட்டுக்கான கணக்கு.

தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாட்டை வெட்ட வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். 10 வயசுக்கு மேலாகி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றாலோ, காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாகப் பயன்படாமல் போயிருந்தாலோதான் சான்றிதழ் கொடுப்பார்கள். எருமைக்கும் இதே விதிதான். 1976-ல் வந்த அரசாணை பசுக்களையும் கிடாரிகளையும் வெட்டுவதைத் தனியாகத் தடை செய்தது. ஆக, சட்டப்படி பார்த்தால் நம் ஊர்க் கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் ஏர் இழுத்து, வண்டி இழுத்து ஓய்ந்த காளை அல்லது வயசான எருமை. பெரம்பூர் மாநகராட்சி இறைச்சிக்கூடத்துப் பக்கம் கறி வாங்குபவர்களைக் கேட்டால் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலேயே சொல்வார்கள்: "பெரிய கறின்னா பொறுமை வேணும் சார்."

மாட்டைக் காப்பாற்ற எழுதின ஒரு சட்டப் பிரிவு நம் சமையல் நேரத்தை நீட்டியிருக்கிறது. சட்டப் புத்தகத்துக்கும் குக்கர் டைமருக்கும் இப்படி ஒரு தொடுப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு சோதனை

முதல் தடவை முன்னங்கால் சப்பைக் கறி ஒன்றரைக் கிலோ. 'லோ'வில் வைத்து மணிக்கொரு தரம் இல்லாமல், 6, 8, 10-ஆம் மணியில் மட்டும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கி, திரும்ப ஏற நேரமாகும். 6-ல் கடிக்க முடிந்தது, ஆனால் மென்றுகொண்டே இருக்கணும். 8-ல் ஓரம் பிரிந்தது, நடுவில் இறுக்கம். 10-ல் கரண்டி பட்டதும் விட்டுக்கொடுத்தது.

இரண்டாம் தடவை அதே கடை, அதே பாகம். கறியை வறுத்து, குழம்பை அடுப்பிலேயே கொதிக்கவிட்டு, அப்புறம் குக்கருக்கு மாற்றி, முதல் ஒன்றரை மணி நேரம் 'ஹை', பிறகு 'லோ'. எட்டரை மணி நேரத்தில் முதல் தடவையின் பத்து மணிப் பதம் வந்துடுச்சு. குளிர்ந்த நிலையிலிருந்து குக்கர் தானே சூடேற எடுக்கும் நேரத்தை மிச்சம் பிடித்ததுதான் காரணம். பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது; அதைப் பின்னாடி சொல்றேன்.

நம் வீடுகளில் கறி மிருதுவாக பப்பாளிக்காயைத் தேய்ப்பார்கள். அதிலுள்ள நொதி 60, 70 டிகிரி பக்கம் ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டை மெதுவாகத் தாண்டுவதால் துண்டின் வெளிப்புறம் மாவு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஜவ்வு அப்படியே நிற்கும். தந்தூரி அடுப்புக்கும் வறுவலுக்கும் பப்பாளி சரி. இதுக்கு வேண்டாம்.

14 பேருக்கு அளவு

மற்றவர்களும் ஏதாவது கொண்டுவருவார்கள் என்ற கணக்கில், 5 லிட்டர் குக்கருக்கு:

எலும்பில்லாத சப்பைக் கறி ஒன்றரைக் கிலோ, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக. நல்லி எலும்பு அரைக் கிலோ. பெரிய வெங்காயம் 5. பூண்டு 15 பல். இஞ்சி ஒரு விரல் நீளம். மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாகத் தட்டியது. சோம்பு ஒரு தேக்கரண்டி. பிரிஞ்சி இலை 2. கேரட் 3. கல்லுப்பு முதலில் ஒன்றரை மேசைக்கரண்டி, மீதி கடைசியில். தண்ணீர் ஒன்றேகால் லிட்டர்.

அமெரிக்கக் குறிப்பில் இஞ்சி, சோம்பு கிடையாது. இண்டியானா, ஒஹாயோ பக்கம் இதை உருளைக்கிழங்கு மசியலின் மேலே ஊற்றி, தேவாலயக் கூட்டு விருந்துகளில் வைப்பார்கள். ருசி ரொம்ப அடக்கம். நம் நாக்குக்கு மிளகு கூடுதலாக வேணும்.

கறியைத் துடைத்து, கடாயில் எண்ணெய் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுக்கணும். இதைத் தவிர்க்காதீங்க. குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அங்கே எதுவும் சிவக்காது, வறுத்த மணமும் வராது. அதே கடாயில் சோம்பு, வெங்காயம், பூண்டு, இஞ்சி வதக்கி, தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டினதைச் சுரண்டி, தளதளவெனக் கொதிக்கவிட்டு, கறி, எலும்பு, கேரட், மிளகு, பிரிஞ்சி இலையுடன் குக்கருக்கு மாற்றுங்கள். பீங்கான் பானை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது, விரிசல் விட்டுடும். ஒன்றரை மணி நேரம் 'ஹை', 7 மணி நேரம் 'லோ'. கரண்டியால் அழுத்திப் பாருங்கள். வரலைன்னா இன்னும் ஒரு மணி நேரம். கடிகாரத்தை நம்புவதைவிடக் கரண்டியை நம்புவது நல்லது, ஏன்னா மாட்டின் வயசை யாரும் ரசீதில் எழுதித் தருவதில்லை.

கரண்ட் செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: என் குக்கர் 240 வாட். தொடர்ந்து ஓடினாலும் எட்டரை மணி நேரத்துக்கு 2 யூனிட்தான்.

நூடுல்ஸுக்கு அத்தோ வண்டி சொல்லும் பாடம்

கறிக்கு நேரம் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது. நூடுல்ஸுக்கு நேரம்தான் எதிரி. மாவுச்சத்து சூடான குழம்பில் இருக்கும்வரை நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் பதமாக இருப்பது ஒன்றரை மணி நேரத்தில் கூழ். வீட்டில் உடனே சாப்பிட்டால் பரவாயில்லை. பாட்லக்கில் ஆட்டோவில் அரை மணி, எல்லாரும் வந்துசேர முக்கால் மணி என்று போகும்.

இதுக்குச் சென்னையிலேயே தீர்வு இருக்கு. பாரிமுனை, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வண்டியில் சாப்பிட்டிருப்பீர்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்தார்கள். அவர்கள் கையோடு வந்த சாப்பாடு அது. வண்டியில் நூடுல்ஸ் வெந்து, எண்ணெய் தடவி, தனியாகக் குவிந்திருக்கும். வாழைத்தண்டு சூப் வேறு பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். நீங்க கேட்ட பிறகுதான் கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தட்டில் போடுவார்கள். நூடுல்ஸும் சூப்பும் சந்திப்பது தட்டில்தான்.

அதையே செய்தேன். அரைக் கிலோ மைதாவுக்கு 5 முட்டை, கொஞ்சம் உப்பு. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி ஊறவைத்து, மெல்லிசாகத் தேய்த்து, சுண்டுவிரல் அகல நாடாக்களாக வெட்டி, மின்விசிறிக்குக் கீழே துணியில் காயவைத்தேன். சென்னை ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் கடையில் விற்கும் அகல நூடுல்ஸ் 600 கிராம் வாங்கினால் போதும். காய்ந்த நூடுல்ஸை வேகவைக்காமலே கொண்டுபோய், அங்கே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து 4 நிமிஷம் போட்டு வடித்து, எண்ணெய் தடவி வைத்தேன். இதற்கு விருந்து வைப்பவரின் அடுப்பு ஒன்று 10 நிமிஷம் வேணும். முன்கூட்டியே கேட்டு வைப்பது மரியாதை.

கொண்டுபோவது

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பொதுவாகச் சமைத்த உணவு இந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம்தான். சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி பகல்நேரத்துக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

பெரிய பானை இறைச்சிக் குழம்புக்கென்றே ஒரு கிருமி உண்டு: குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இதன் வித்துகள் கொதித்தாலும் சாகாது. குழம்பு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அதனால் குழம்பு சூடாகவே இருக்கணும், இல்லைன்னா சீக்கிரம் குளிரணும். நடுவில் நிற்கக் கூடாது.

காலையில் செய்து கொண்டுபோனால்: குக்கரை அணைத்த உடனே மூடியைத் துண்டால் இறுகக் கட்டி, இரண்டு கனமான துணி சுற்றி, ஆட்டோவில் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் நேரத்தைக் கூடக் கணக்குப் போடணும். போனதும் பிளக்கில் மாட்டி 'வார்ம்' போடுங்கள். முதல் நாள் செய்தால்: கறியையும் குழம்பையும் அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குக்கருக்கு மாற்றணும். 'வார்ம்' என்பது சூட்டைத் தக்கவைக்க மட்டும். குளிர்ந்த குழம்பை அதில் வைத்துச் சூடேற்றக் கூடாது.

கறி வேகும்போது கரண்ட் போனால், நீங்க வீட்டில் இருந்தால் உடனே அடுப்புக்கு மாற்றி முடித்துவிடுங்கள். வெளியே போயிருந்து, எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுவதுதான் வழி. ஒன்றரைக் கிலோ கறி போச்சே என்று மனசு அடிச்சுக்கும். இருந்தாலும் 14 பேர் வயிறு.

பேர் எழுதிய சீட்டு

பாட்லக்கைத் தமிழில் கூட்டாஞ்சோறு என்று எழுதுவதைப் பார்க்கிறேன். சின்ன வித்தியாசம் இருக்கிறது. கூட்டாஞ்சோற்றில் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு கொண்டுவந்து ஒரே பானையில் பொங்குவோம். உள்ளே என்ன இருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். பாட்லக்கில் ஒவ்வொருத்தர் வீட்டு அடுப்பிலிருந்தும் மூடி போட்ட பாத்திரம் வருகிறது. மூடிக்குள்ளே என்ன என்று கொண்டுவந்தவர்தான் சொல்லணும்.

கிளம்புவதற்கு முன்னாடி ஒரு நண்பர் சொன்னார்: "பீஃப்னு எழுதாதப்பா. சும்மா 'நூடுல்ஸ் கறி'ன்னு வை. சாப்பிடுறவங்க கேட்டு சாப்பிடுவாங்க." அவர் சண்டை வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டுவிட்ட ஒருத்தர் பிறகு தெரிந்துகொண்டால், அவருக்கு நாம் செய்தது துரோகம்தான். அவர் நம்பிக்கை சரியா தப்பா என்ற விவாதத்துக்கு அங்கே இடமே இல்லை. தட்டில் விழுவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

மறைத்து வைப்பதில் இன்னொரு பக்கமும் இருக்கு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கும் பேர்போன ஊர் அது. திருவிழாவில் மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் இடமில்லை என்றதும் எதிர்ப்பு வந்தது. இது பாகுபாடு இல்லையா என்று ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவே ஒத்திவைக்கப்பட்டது. ஊரில் தினமும் சாப்பிடும் ஒன்று, பொது மேசைக்கு வரும்போது மட்டும் பேர் இல்லாமல் போகணும் என்றால், அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அது என்ன சொல்கிறது?

அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் 'மாட்டுக்கறி' என்று எழுதி, குக்கருக்கு முன்னால் வைத்தேன். மேசையின் ஒரு கோடியில் இடம், அதற்கென்று தனிக் கரண்டி. நூடுல்ஸ் இரண்டு பாத்திரம்: ஒன்றில் முட்டை போட்டது, இன்னொன்றில் முட்டை இல்லாதது, இரண்டிலும் சீட்டு. அதே மிளகு, பூண்டில் காளான் குழம்பு ஒன்றும் செய்திருந்தேன். கறி சாப்பிடாதவர்களுக்கு வெறும் நூடுல்ஸைத் தட்டில் போடுவது விருந்தோம்பல் ஆகாது இல்லையா?

14 பேரில் 8 பேர் கறி எடுத்தார்கள். 6 பேர் காளான். சண்டை எதுவும் வரவில்லை. ஒரு அக்கா சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா இதுதான். ஆபீஸ்ல மட்டும் மட்டன்னு சொல்லிப்பேன்" என்றார். இரண்டாம் தடவை எடுக்கும்போது, மிளகு இன்னும் தூக்கலா இருக்கலாம் என்றும் சொன்னார். மேலே கொடுத்திருக்கும் ஒன்றரை மேசைக்கரண்டி, அவர் சொன்னதுக்கு அப்புறம் கூட்டின அளவு.

செய்து பார்ப்பவர்கள், எந்தப் பாகம் வாங்கினீர்கள், எத்தனை மணி நேரத்தில் கரண்டிப் பதம் வந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த தடவை அதே கடையில் வாங்கும்போது அமெரிக்கக் குறிப்பைவிட அந்தக் குறிப்புதான் உதவும்.